தொட்டில் சேலை இல்லாத பிள்ளை

அம்மா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும், தோட்டத்தின் மேல் கணக்கு, கீழ்க் கணக்குப் பிரிவுகளிலிருந்து மலை இறங்கி வந்தவர்களுக்கும், பஸ் மாறி மாறித் தூரத்திலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்கும் மகளின் வணக்கம். மகள் எழுதுகிற கட்டுரை என்றால் கண்ணீரும் நன்றியும் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் புரட்டியிருப்பீர்கள். இரண்டும் இருக்கின்றன. ஆனால் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் ஒன்றை எழுத எனக்கு வராது. அம்மாவின் கடைசி வருடங்களில் எனக்கு உங்கள் மேல் பொறாமையாக இருந்தது. இலேசான பொறாமை இல்லை, வயிறு எரிந்த பொறாமை. வயதாகி அம்மாவின் நினைவு ஒவ்வொன்றாகக் கழன்று போனபோது நீங்கள் எல்லோரும் அதற்குள் பத்திரமாக இருந்தீர்கள். பெற்ற மகள் நான் மட்டும் அதில் இல்லை. அது எப்படி நடந்தது என்பதையும் அம்மா எப்படி வாழ்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்மா பிறந்தது பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் பிள்ளைக்கு அது பெரிய படிப்பு. அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டார். வந்த கொஞ்ச காலத்தில், அம்மாவின் தாய் தகப்பன், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடதாசி வந்தது. கல்யாணமாகிப் பெயர் பிரிந்து போனதால் அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. பதுளை ஸ்டேஷனில் ஒரு முழுக் குடும்பத்தையும் அம்மா ரயில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு யாரையும் வழியனுப்ப அம்மா ஸ்டேஷனுக்குப் போனதில்லை. என் மாமியார் கதிர்காமம் போனபோதுகூட வாசலோடு நின்றுகொண்டார்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது பிள்ளைக் காம்பராவில் இருந்த பழைய ஆயா ஓய்வு பெற்றார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று அந்த வேலை அம்மாவுக்கு வந்தது. இந்த மலரை வாசிக்கிற இளையவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது பெயர்ப்பலகை மாட்டி, வர்ணம் பூசி, சுவரில் யானை படம் வரைந்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்தான் அன்றைய பிள்ளைக் காம்பரா. விடியக் காலையில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகும் பெண்கள், பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். பத்து மணி வாக்கில் பால் கொடுக்க ஓடி வருவார்கள். நாலு மணிக்குப் பிறகு, கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

கூரைக்குக் கீழே குறுக்கே போட்ட இரும்புக் கம்பியில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். தொட்டிலுக்குத் துணி தோட்டம் கொடுக்காது. ஒவ்வொரு தாயும் தான் கட்டிக் கிழிந்த பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தாய் வாசம் இருந்தால்தான் பிள்ளை தூங்கும் என்பார்கள். அந்தச் சேலைதான் பிள்ளைக்கு அடையாளமும். மஞ்சள் சேலையில் கிடப்பது இன்னார் மகன், பச்சைக் கரைச் சேலையில் கிடப்பது இன்னார் மகள். தாய்மார்களும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சேலையைத்தான் பார்ப்பார்கள்.

அம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் ஐப்பசி மழையில் அந்த அடையாளம் காலை வாரிவிட்டது. மஞ்சள் சேலையும் நீலப் பூச்சேலையும் நனைந்துபோக, அடுப்புக்கு மேலே காயவைத்து எடுத்து மறுபடி கட்டும்போது இரண்டும் இடம் மாறிவிட்டன. வெளியே பனிமூட்டம், உள்ளே புகை. பத்து மணிக்குச் சாந்தியின் தாயார் நனைந்த கோழியாக ஓடிவந்து, தன் நீலப் பூச்சேலைத் தொட்டிலில் இருந்த பிள்ளையைத் தலைவரை மூடிய துணியோடு தூக்கி, குளிரில் கண்ணை மூடிக்கொண்டு பால் கொடுத்தார். பிள்ளை வயிறு முட்டக் குடித்தது. பக்கத்தில் செல்லத்துரையின் தாயார் தன் பிள்ளைக்கு ஈரத்துணி மாற்றப் போய், போட்டார் ஒரு கூச்சல்.

“ஐயோ ஆயா, காலையில ஆம்பளப் புள்ளையத்தான விட்டுட்டுப் போனேன்!”

காம்பராவே சிரித்தது. செல்லத்துரைக்கும் சாந்திக்கும் அன்றைக்கே அண்ணன் தங்கச்சி முறை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். இருவரும் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். சிரிக்காதவர் அம்மா ஒருவர்தான். விஷயம் தோட்டத்து நிர்வாகி துரையின் காதுக்குப் போய், இன்னொரு முறை இப்படி நடந்தால் மறுபடி கூடை தூக்க வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அம்மா பயந்தது கூடைக்கு அல்ல. “ஒரு தாய் கிட்ட அவ புள்ளய மாத்திக் குடுத்தவ உசுரோட இருக்கலாமா?” என்று அப்பாவிடம் அழுதாராம்.

அன்றிலிருந்து அம்மா சேலையை மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் சேலை என்ன, மச்சம் எங்கே, எப்படி அழும், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்கும், கூட்டிப் போக வருவது யார் என்று மனப்பாடம் பண்ணினார். வீட்டில் அடுப்பு ஊதும்போதும் ரொட்டி தட்டும்போதும் அம்மாவின் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். சாமி பெயர் சொல்கிறார் என்று நான் நெடுநாள் நம்பினேன். கொஞ்சம் விவரம் வந்த பிறகு காது கொடுத்துக் கேட்டேன். “மஞ்சச் சேல, எட்டாம் லயம், வெயில் பட்டா தும்முவான். நீலப் பூ, காதோரம் மச்சம், தொட்டி நின்னா முழிச்சுக்குவா.” சாமியும் இல்லை, பூதமும் இல்லை. நீங்கள்தான்.

நானும் அதே காம்பராவில்தான் வளர்ந்தேன். ஆனால் அங்கே எனக்கு அம்மா கிடையாது. மற்றப் பிள்ளைகளைப் போல நானும் “ஆயா” என்றுதான் கூப்பிட வேண்டும். சத்துமாவு உருண்டை கொடுக்கும்போது நான் கடைசி ஆள். “சொந்தப் புள்ளைக்கு அள்ளி அள்ளிக் குடுக்குறான்னு ஒரு வாய் சொல்லிட்டா நாளைக்கு ஒருத்தி நம்பி விடமாட்டா” என்பார். உடைந்த உருண்டை எப்போதும் எனக்குத்தான். அம்மாவின் மடியில் சாந்தி உட்கார்ந்திருப்பதை உருண்டையை நக்கிக்கொண்டே பார்த்தது நேற்றுப் போல இருக்கிறது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று அம்மாவின் முகத்துக்கு நேரே புகழாதவர்கள் இல்லை. அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவர் ஒரு நாளாவது அந்தத் தன் பிள்ளையாக இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, தேயிலை ஆலையில் வேலை செய்த அப்பா நெஞ்சு வலி என்று உட்கார்ந்தார், எழும்பவில்லை. அதற்குப் பிறகு அம்மா ஒற்றை ஆளாக நின்றார். விடிவதற்குள் கத்தரிக்காய்ப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காம்பராவுக்குப் போவார். பண்டாரவளைத் துணிக்கடையில் எனக்கு வேலை கிடைத்தபோது, “சேல விக்கிற கடையா? நல்லது, சேலைக்குத் துரோகம் பண்ணாத” என்றார். அது என்ன புத்திமதி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஓய்வு பெற்றபின், மருமகனின் வற்புறுத்தலால் லயத்துக் காம்பராவைக் காலி செய்துவிட்டு, பண்டாரவளையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். இனி அம்மா எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

மறதி நல்ல பிள்ளை மாதிரித்தான் வந்தது. முதலில் பெயர்கள் உடனே வாய்க்கு வரவில்லை. அதில் என்ன இருக்கிறது, கடையில் எனக்கே பல சேலைகளின் பெயர் சட்டென்று வராது. வயதானால் எல்லோருக்கும் அப்படித்தான், கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும். பிறகு கேட்டதையே கேட்டார். சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் “இன்னிக்கு சோறு ஆக்கலையா?” என்றார். குழம்புக்கு உப்புப் போட்டுவிட்டு மறுபடி உப்புப் போட்டார். அந்தக் காலத்திலேயே இன்னொரு பழக்கமும் வந்தது. நடக்கும்போதும் நிற்கும்போதும் இடது கையை வளைத்து இடுப்போடு ஒட்டியே வைத்துக்கொள்வார். வாதம் பிடித்திருக்கிறது என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். நீட்டிவிட்டால் நீளும், விட்டால் பழையபடி இடுப்புக்குப் போய்விடும்.

ஒரு நாள் நான் கடையிலிருந்து வருவதற்குள் அம்மாவைக் காணவில்லை. தெருவெல்லாம் தேடி, பொலிஸுக்குப் போவோமா என்று என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கும்போது செல்லத்துரை அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். செல்லத்துரை அப்போது பூனாகலை பஸ்ஸில் கண்டக்டர். அம்மா அவருடைய பஸ்ஸில் ஏறி, காம்பராவுக்கு நேரமாச்சு என்று கடைசி வரை போயிருக்கிறார்.

“என்னைய மொதல்ல தெரியல தவமணி. நான் செல்லத்துரை, எட்டாம் லயம்னு சொன்னேன் பாருங்க, அப்படியே கையப் புடிச்சுக்கிட்டாங்க” என்றார் செல்லத்துரை. அவர் கண் கலங்கியிருந்தது.

அம்மா அவர் கன்னத்தைத் தடவினார். “மஞ்சச் சேல. வெயில் பட்டா தும்முவான். இவனோட அம்மாவுக்குப் பால் பத்தாது, பாவம்.”

நான் பக்கத்தில் போய், “அம்மா, நான் தவமணி. பயந்தே போயிட்டேன்” என்றேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் செல்லத்துரையிடம் சொன்னார். “இந்தம்மா நல்லவங்க. டீ நல்லாப் போடுவாங்க.”

செல்லத்துரை ஆசையாகக் குடித்துவிட்டுப் போனார், நல்லவங்க போட்ட அந்த டீயை. எனக்கு அந்த டம்ளரைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. செல்லத்துரை, இதை வாசித்துவிட்டு வருத்தப்படாதீர்கள். அன்றைக்கு அம்மாவை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது நீங்கள். ஆனாலும் எரிந்தது எரிந்ததுதான்.

விஷயம் தெரிந்ததும் நீங்கள் வரத் தொடங்கினீர்கள். வெலிமடையிலிருந்து கரட்டும் லீக்சுமாகக் காய்கறி மூட்டை வந்தது. சாந்தி மொனராகலையிலிருந்து தோடம்பழம் கொண்டுவந்தார். வந்தவர்கள் பெயரையும் லயத்தையும் சொன்னால் போதும், அம்மா விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடுவார். பேரப்பிள்ளை எடுத்த ஆட்களைப் பார்த்துக்கூட, “நீ மூத்திரம் போனா மட்டும் சிரிப்ப” என்பார். நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நான் தட்டில் பிஸ்கட் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நிற்பேன். நீங்கள் போகும்போது என் கையைப் பிடித்து, “குடுத்து வச்சவங்க நீங்க, இப்படி ஒரு அம்மா” என்பீர்கள். மலம் துடைத்த கை அது. எனக்குக் கொடுத்து வைத்தது அதுதான் என்று வாய் வரை வரும், விழுங்கிக்கொள்வேன்.

பதுளைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இளவயது டாக்டரம்மா, நம்ம பக்கத்துப் பிள்ளை. பொறுமையாகச் சொன்னார். வயதோடு வருகிற சாதாரண மறதி வேறு, இது வேறு. இந்த நோயில் புதிதாக நடப்பது மூளையில் பதிவதே இல்லை, அதனால்தான் சாப்பிட்டது நினைவில்லை. பழையது கடைசியில்தான் போகும். அதிலும் பயத்தோடும் அக்கறையோடும் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லி வைத்தது சீக்கிரம் அழியாது.

“அப்படின்னா பெத்த புள்ள பழசு இல்லையா டாக்டர்?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. “அக்கா, இன்னிக்குக் காலையில வீட்டுக் கதவப் பூட்டினீங்களா?”

யோசித்தேன். பூட்டித்தான் இருப்பேன். ஆனால் பூட்டியது கண்ணில் வரவில்லை.

“தெனமும் செய்யிறத நாம கவனம் எடுத்து நெனவுல வைக்கிறதில்ல. அது கைக்குத் தெரியும், மனசுல தனியா எழுதி இருக்காது. அதோட, அம்மா மனசுல நீங்க சின்னப் புள்ளையா இருப்பீங்க. நரைச்ச தலையோட வந்து நான்தான் மகள்னு சொன்னா அவங்க எப்படி நம்புவாங்க? ஒண்ணு சொல்றேன், நீங்க யாருன்னு தெரியாட்டியும் உங்க கை பட்டா பயமில்லன்னு அவங்களுக்குத் தெரியும்.”

உண்மைதான். அம்மா வேறு யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வார், என் கையில்தான் சாப்பிடுவார். டாக்டரம்மா அதைப் பெரிய ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அது போதவில்லை. உங்களுக்கெல்லாம் பெயர், லயம், மச்சம், சேலை. எனக்கு மட்டும் வெறும் கையா?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எல்லோருக்கும் ஒரு சேலை இருக்கும்போது எனக்கும் ஒன்று இருந்திருக்கும்தானே? அந்தத் துணியைக் கண்டுபிடித்து அம்மா கையில் கொடுத்தால் நானும் உள்ளே போய்விடலாம். கடையில் மிஞ்சுகிற துண்டுத் துணிகளை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்தேன். பூப்போட்டது, கட்டம் போட்டது, கரை வைத்தது என்று ஒவ்வொன்றாக மடியில் வைப்பேன். அம்மா விரலால் தேய்த்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையைச் சொல்வார். கத்தரிப்பூ நிறத்துக்கு அந்தோனியின் மகள். சிவப்புக் கரைக்குக் கீழ்க் கணக்கு இரட்டைப் பிள்ளைகள். அம்மாவின் பழைய பெட்டியைத் திறந்து கலியாணக் கூறையையும் கொடுத்தேன். “இது என்னோடது, வை” என்றார். கடைசியில் நேராகவே கேட்டேன்.

“தவமணிக்கு எந்தச் சேல?”

அம்மா நெற்றியைச் சுருக்கினார். “தவமணியா? எந்த லயம்?”

துணிகளையெல்லாம் சுருட்டித் தலையணைக்குள் திணித்துவிட்டேன். அன்றைக்குப் பகல் முழுவதும் என் வீட்டுக்காரர் என் பக்கம் வரவில்லை, புத்திசாலி.

நோய் முற்ற முற்ற, பொழுது சாயும் நேரம்தான் கஷ்டமாக இருந்தது. காலையில் அமைதியாக இருப்பவர், நாலு மணியானால் இருப்புக்கொள்ளாமல் எழுந்துவிடுவார். இந்த நோயில் பலருக்கு அப்படித்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் அம்மாவுக்கு அது வெறும் பதற்றம் இல்லை, வேலை நேரம். தாய்மார்கள் வந்துவிடுவார்கள். இல்லாத பிள்ளைகளின் முகத்தைத் துடைப்பார், இல்லாத சட்டைக்குப் பொத்தான் போடுவார். நான் உள்ளே வந்தால், “வாம்மா, நீ எந்தப் புள்ளைக்கு வந்த?” என்று கேட்பார். நான் ஏதாவது ஒரு பெயரைச் சொல்வேன். காற்றில் ஒரு பிள்ளையைத் தூக்கி, மூக்கைத் துடைத்து, என் கையில் கொடுப்பார். “தலையப் புடிச்சுக்க. பனி எறங்குது, மூடிக்கிட்டுப் போ.” நானும் வாங்கிக்கொண்டு போய்க் குசினியில் நின்றுவிட்டுத் திரும்பி வருவேன். இப்படி உங்களில் அநேகம் பேரை நான் சுமந்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாது.

அம்மா போவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு மத்தியானம் சாந்தி வந்திருந்தார். அம்மா அவரை மடியில் தலைவைத்துப் படுக்கச் சொல்லி, காதோர மச்சத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நரைத்த தலை அது, என் தலையைவிட நரைத்தது. அதை மடி ஏற்றுக்கொண்டது. சாந்தி பஸ்ஸுக்குப் போன பிறகு நாலு மணி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அம்மா வழக்கம் போலக் கேட்டார்.

“வாம்மா. மழைக்கு முந்தி வந்துட்ட. நீ எந்தப் புள்ளைக்கு வந்த?”

“தவமணிக்கு வந்தேன் ஆயா. உங்க மகளக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. அம்மாவின் முகம் மாறியது. இடுப்போடு இருந்த இடது கை இன்னும் இறுகியது. ஒரு அடி பின்னால் போனார்.

“அது என் புள்ள. அதக் கேக்காத.”

“மத்த புள்ளய எல்லாம் குடுக்குறீங்க?”

“குடுக்கணும். அவங்கவங்க புள்ளய அவங்கவங்க கிட்ட குடுத்துரணும், அதுதான வேல. இவளக் குடுக்க மாட்டேன்.”

விடக்கூடாது என்று கேட்டேன். “தொட்டி சேல என்ன கலருன்னு சொல்லுங்க. அடையாளம் பாக்கணும்.”

“இவளுக்குத் தொட்டி ஏது? நான் கட்டவே இல்ல.” வளைந்த கையைக் குனிந்து பார்த்தார். “இடுப்புலதான கெடக்கா. ஒரு கையில இவ, ஒரு கையில தொட்டி.”

“எப்படி அழுவா?”

“அழ விட்டாத்தான தெரியும்?”

“இவ பேராவது நெனவு இருக்கா உங்களுக்கு?”

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் தெரியாத புதுத் தாயைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

“அடி போடி பைத்தியக்காரி. ஊரான் புள்ளயத்தான் நெனவு வச்சுக்கணும். இல்லாட்டி மாறிப் போயிரும், அவ அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? இவள எதுக்கு நெனவு வச்சுக்கணும்? எங்கிட்டதான இருக்கா.”

டாக்டரம்மா கேட்ட கதவு எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அழுதேன், அம்மா அதைக் கவனிக்கவில்லை, அவருக்கு வேறு தாய்மார்கள் வரவேண்டியிருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டை ஊட்டும்போது இடது கையை நீட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தைலமும் தேய்க்கவில்லை.

சில வாரங்களில் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டி, அதிகம் துன்பப்படாமல் ஒரு காலை நேரத்தில் அம்மாவின் மூச்சு நின்றது. குளிப்பாட்டிப் பெட்டியில் கிடத்தியபோது இடது கை வளைந்தே இருந்தது. நேராக்கப் போனவர்களை நான் விடவில்லை. அம்மாவின் ஆசைப்படி தோட்டத்துக்கே கொண்டுபோனோம். லயம் முழுக்க சனம். தலைமாட்டில் நீங்கள் விழுந்து அழுத நெருக்கத்தில் எனக்கு நிற்க இடமில்லை, அப்போதும் எனக்கு எரிச்சல் வந்தது என்பதையும் மறைக்கவில்லை. மகன் இல்லாத வீடு, கொள்ளிக்குடம் யார் தூக்குவது என்று பேச்சு வந்தது. ஆயா வளர்த்த ஆண் பிள்ளைகளில் ஒருவர் தூக்கட்டும் என்றார்கள் பெரியவர்கள். பல பேர் வேட்டியை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். பெண் பிள்ளை குழி வரைக்கும் வரக்கூடாது என்று முறைக்கு மாமாவான ஒருவர் சொன்னார்.

“நான்தான் தூக்குவேன். அவங்க புள்ள நான்” என்றேன்.

செல்லத்துரைதான் குடத்தை எடுத்துவந்தார். கொடுக்கவா வேண்டாமா என்று ஒரு முறை என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் தோளில் வைத்தார். “சரியாத்தான் குடுத்திருக்கேன் ஆயா” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார். நான் அதை வலது தோளில் தாங்கிக்கொண்டு மலைப் பாதையில் நடந்தேன்.

அம்மாவின் கடைசி நாட்களில் துணை நின்ற பதுளை டாக்டரம்மாவுக்கும், கடைக்கு நான் போன பகல்களில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அயல் வீட்டாருக்கும், லீவு கொடுத்துத் துண்டுத் துணியும் கொடுத்த முதலாளிக்கும், ஒரு சொல்லும் சொல்லாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும், குழி வெட்டியவர்களுக்கும், தப்பு மேளம் அடித்தவர்களுக்கும், மூன்று நாளும் அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் என் நன்றி. செல்லத்துரைக்கும் சாந்திக்கும் தனியாக நன்றி, தனியாகக் கொஞ்சம் கோபமும்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். முழுக்கப் போகவில்லை. என் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் அம்மாவுக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாலு மணியையும் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் எல்லோரையும் அம்மா மாறாமல், தவறாமல், மூக்கைத் துடைத்து, பனிக்கு மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்டு வந்தவளிடம் மட்டும், அது நானாகவே இருந்தும், கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.